மாடி எண் தெரியாத நீலப் புள்ளி

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் நீலப் புள்ளி ஒன்று வந்து நிற்கிறது. செயற்கைக்கோள்தான் அதைச் சொல்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். வெட்டவெளியில் அது சரி. ஆனால் சிங்கப்பூரில் நாம் வெட்டவெளியில் இருக்கும் நேரம் எவ்வளவு? வீடு, மின்தூக்கி, கூரை போட்ட நடைபாதை, எம்ஆர்டி ரயில், அலுவலகம், கடைத்தொகுதி, திரும்பவும் எம்ஆர்டி. இந்த இடங்களில் அந்தப் புள்ளியைப் பிடித்து நிறுத்துபவை பெரும்பாலும் யார் யாரோ வீட்டிலும் கடையிலும் வைத்திருக்கும் வைஃபை பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளோடுதான் என் பிழைப்பு. பட்டுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்தவன், இப்போது ஈசூனில் குடும்பத்தோடு இருக்கிறேன். கட்டடங்களுக்கு வைஃபை அமைத்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் சைட் சர்வே என் பொறுப்பு. எங்கே ஆக்சஸ் பாயிண்ட் (கட்டடங்களில் மாட்டும் வைஃபை பெட்டி) மாட்டினால் எந்த மூலைக்கு எவ்வளவு சிக்னல் போகும் என்று மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து நடந்து அளக்கிற வேலை. முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் கேட்டது ஒன்றுதான்: இணையம் வேகமாக வர வேண்டும். இப்போது பெரிய கட்டடங்களில் இன்னொன்றும் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் ஆளோ சக்கர நாற்காலியோ மருத்துவக் கருவியோ எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

முதலில், செயற்கைக்கோள் ஏன் உள்ளே வருவதில்லை என்று பார்த்துவிடலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நாம் இருக்கும் இடம் அவற்றுக்குத் தெரியாது. தான் யார், இப்போது மணி என்ன, எந்தப் பாதையில் போகிறேன் என்பதை மட்டும் அவை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். கைப்பேசி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று பார்த்துத் தன் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. அவ்வளவு தூரம் வந்து தரையைத் தொடும்போது அந்த சிக்னலின் பலம் சுமார் மைனஸ் 130 டிபிஎம்தான் இருக்கும். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸில் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைவு. வைஃபை சிக்னல் மைனஸ் 70க்குக் கீழே போனாலே எங்கள் வாடிக்கையாளர் முகம் மாறிவிடும். இரண்டுக்கும் நடுவே 60 டெசிபெல். பத்து டெசிபெல் குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகும். அப்படியென்றால், முகம் சுளிக்க வைக்கும் அந்த வைஃபையைவிட ஜிபிஎஸ் சிக்னல் பத்து லட்சம் மடங்கு பலவீனம்.

அது வீவக புளோக்கின், அதாவது அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின், கான்கிரீட்டைத் தாண்டி வரவேண்டும். ஜன்னலோரத்தில் கொஞ்சம் கிடைக்கும், கூடத்தின் நடுவில் கிடைக்காது. புதிய அலுவலகக் கோபுரங்களில் வெயிலின் சூடு உள்ளே ஏறாமலிருக்கக் கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது சூட்டோடு சேர்த்து ரேடியோ அலையையும் வெளியே நிறுத்திவிடும். ராஃபிள்ஸ் பிளேஸில் தெருவில் நின்றாலும் தொல்லைதான். நேரே வரவேண்டிய சிக்னல் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும். பாதை நீண்டதைக் கைப்பேசி எப்படி அறியும்? தூரம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு நம்மைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைத்துவிடும். பென்கூலன் எம்ஆர்டி நிலையம் 43 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே செயற்கைக்கோள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வைஃபை பெட்டியோ பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் விநாடிக்குச் சுமார் பத்து முறை தன்னை அறிவித்துக்கொள்ளும். அந்த அறிவிப்புக்குத் தொழிலில் 'பீக்கன்' என்று பெயர். அதில் நெட்வொர்க்கின் பெயர் இருக்கும். கூடவே, அந்தப் பெட்டிக்கே உரிய 48 பிட் முகவரி ஒன்றும் இருக்கும். பெயரை யாரும் மாற்றலாம். எங்கள் புளோக்கில் 'முருகன் துணை' என்றுகூட ஒரு நெட்வொர்க் தெரிகிறது. ஆனால் முகவரி பொதுவாக மாறாது. கைப்பேசிக்குத் தேவை அந்த முகவரிதான். கடவுச்சொல் வேண்டாம், இணையவும் வேண்டாம், காதில் விழுந்தால் போதும். எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று ஸ்கேன் செய்தால் மேல்வீடு, கீழ்வீடு, எதிர் புளோக் என்று திரை நிறையப் பட்டியல் வரும். இந்த முகவரிகள் எந்த பலத்தில் கேட்கின்றன என்ற பட்டியலைக் கைப்பேசி கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனத்துக்கு அனுப்புகிறது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்ற பெரிய தகவல் தொகுப்பு ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது. அதைப் பார்த்து இடம் முடிவாகிறது.

அந்தத் தொகுப்பை உண்டாக்கியவர்கள் யார் என்று பலருக்குத் தெரியாது. 2003இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்கைஹூக் நிறுவனம் தெருத்தெருவாகக் கார் ஓட்டிப் பெட்டிகளைக் குறித்துவைத்தது. முதல் ஐஃபோனில் ஜிபிஎஸ் கிடையாது. 2008 ஜனவரியில் வந்த மென்பொருள் மேம்பாட்டோடு ஸ்கைஹூக்கின் வைஃபை தொகுப்பையும் கூகுளின் கைப்பேசிக் கோபுரத் தொகுப்பையும் வைத்துத்தான் அது இடம் சொல்லத் தொடங்கியது. 2010இல் ஆப்பிள் சொந்தத் தொகுப்புக்கு மாறிக்கொண்டது. கூகுளும் தன் ஸ்ட்ரீட் வியூ கார்களில் வைஃபை பெட்டிகளைச் சேகரித்தது. அந்தக் கார்கள் பெட்டியின் பெயரோடு நிற்காமல், பூட்டப்படாத நெட்வொர்க்குகளில் போய்க்கொண்டிருந்த தகவல்களையும் அள்ளிவிட்டதாக 2010 மே மாதம் கூகுளே ஒப்புக்கொண்டு பெரிய சர்ச்சையானது. இப்போது காரே தேவையில்லை. வெளியே பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கைப்பேசிக்கு ஜிபிஎஸ் இடம் தெரியும். சுற்றியுள்ள பெட்டிகளும் கேட்கும். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் தொகுப்பு தானே புதுப்பித்துக்கொள்கிறது. நாம் எல்லோருமே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

என் அக்கா குடும்பம் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து பொங்கோலுக்கு மாறியபோது இது கண்ணெதிரே நடந்தது. பழைய ரௌட்டரையே கொண்டுபோய் மாட்டியிருந்தார்கள். புது புளோக்கில் அப்போது பாதி வீடுகளில் ஆள் வரவில்லை. சுற்றிலும் வேறு பெட்டிகளே கிடையாது. அக்கா ஃபோன் செய்தாள்.

"ஏன்டா, நான் பொங்கோல்ல உக்காந்திருக்கேன், இந்த ஃபோன் மட்டும் இன்னும் ஜூரோங்லயே இருக்கேன்னு சொல்லுது. என்ன கோளாறு?"

கோளாறே இல்லை. அவள் கைப்பேசி வீட்டுக்குள் கேட்டது அந்த ஒரே பெட்டியைத்தான். தொகுப்பில் அந்தப் பெட்டி இன்னும் ஜூரோங்கில் இருந்தது. பால்கனிக்குப் போய் நிற்கச் சொன்னேன். ஜிபிஎஸ் கிடைத்ததும் புள்ளி பொங்கோலுக்கு வந்தது. உள்ளே திரும்பினால் சற்று நேரத்தில் மறுபடி ஜூரோங். அக்கம்பக்கத்தில் ஆட்கள் குடியேறி, அவர்கள் பெட்டிகளும் கேட்கத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. பத்துப் பெட்டிகள் ஒரே இடத்தைச் சொல்ல ஒன்று மட்டும் வேறிடம் சொன்னால், இடம் மாறியது அந்த ஒன்றுதான் என்று தொகுப்புக்குப் புரிந்துவிடும். நம் வீட்டுக்குள் நம் இடத்தை உறுதிசெய்வது நம் பெட்டியைவிட அக்கம்பக்கத்தாரின் பெட்டிகள் என்று அன்று அக்காவுக்கு விளக்கினேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பொதுத் தொகுப்பை வைத்துக் கட்டடம் எது என்று சொல்லலாம். அறை எது என்று சொல்ல அது போதாது. அதற்குத்தான் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். கட்டடத்துக்குள் அடிக்கு அடி நடந்து, எந்த இடத்தில் எந்த ஆக்சஸ் பாயிண்ட் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். தேக்காவிலேயே வளர்ந்தவரை பஃபலோ ரோட்டில் கண்ணைக் கட்டி நடக்கவிட்டாலும், மல்லிகை எவ்வளவு, மசாலா எவ்வளவு, மீன் எவ்வளவு என்று வாசத்தின் கலவையை வைத்தே எந்தக் கடையருகே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார் இல்லையா, அந்த மாதிரி. இதை முதலில் முறையாகச் செய்து காட்டியவர்கள் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும். 2000ஆம் ஆண்டு. அவர்கள் முறையின் பெயர் ரேடார். ஒரே ஒரு மாடி, மூன்று தளநிலையங்கள் (அன்றைய வைஃபை பெட்டிகள்), 70 இடங்களில் அளவு. பாதிக்கு மேற்பட்ட கணிப்புகளில் பிழை சுமார் 3 மீட்டருக்குள் இருந்தது. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. ஒவ்வொரு இடத்திலும் நான்கு திசையும் பார்த்து நின்று அளந்திருக்கிறார்கள். ஏனென்றால் அளக்கிறவரின் உடம்பே சிக்னலை மறைக்கிறது.

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். கூட்டம் கூடினால் சிக்னல் குறையும் என்பது இதிலிருந்தே தெரியும். ஆனால் தெரிவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

ஒரு மருத்துவமனைத் திட்டம். கூட்டம் இருக்கும்போது இடைஞ்சல் கூடாது என்று இரவில்தான் சர்வே செய்ய அனுமதி. மருந்தகத்துக்கு முன்னால் நீளமான காத்திருப்புக் கூடம். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள், தரை துடைத்த ஈரம் காயவில்லை. நான் மடிக்கணினியில் தள வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நாலு அடி நடந்து நின்று, நிற்கும் இடத்தை வரைபடத்தில் தட்டி, அளவு பதிந்ததும் அடுத்த நாலு அடி. ஏணியும் கேபிளுமாகக் கூட வந்தவர் மன்னார்குடித் தம்பி. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எந்த ஆக்சஸ் பாயிண்ட் எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று அவரைப்போல் யாருக்கும் தெரியாது. கூடத்தின் நடுவில் மைனஸ் 58 காட்டியது. அருமையான அளவு. எனக்குத் திருப்தி. தம்பி ஏணியிலிருந்தபடியே சொன்னார்:

"அண்ணே, பகல்ல வந்து பாருங்க. எங்க அத்தாச்சிய கூட்டிட்டு நான் வந்திருக்கேன். இந்த இடத்துல நிக்கக்கூட முடியாது."

அவர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. அனுமதி கேட்டு ஒரு நாள் பகலில், கைப்பேசியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் நின்றேன். நாற்காலிகள் நிறைந்து, சுவரோரம் சக்கர நாற்காலிகள், எண் கூப்பிடக் காத்து நிற்கும் கூட்டம். அதே ஆக்சஸ் பாயிண்ட் இப்போது மைனஸ் 66க்கும் 69க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. எட்டு டெசிபெல் குறைந்தால் பலம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். இணையம் அப்போதும் ஓடும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. இடம் கண்டுபிடிக்கும் கணக்கு மட்டும் இரவு எடுத்த பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆளைக் கூடத்தின் நடுவிலிருந்து தூக்கித் தாழ்வாரத்தில் வைக்கும். மக்களுக்காகக் கட்டும் ஒன்றை மக்கள் இல்லாத நேரத்தில் அளப்பது சரியில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு விலைப்புள்ளியிலும் பகல் அளவுக்கென்று தனி வரி சேர்க்கிறேன். சிலர் செலவு என்று வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் நான் மறுபடியும் பேசிப் பார்ப்பேன்.

பலத்தை அளப்பதில் இன்னொரு சிக்கல், கைப்பேசிக்குக் கைப்பேசி அளவு மாறும். கொவிட் காலத்தில் டிரேஸ்டுகெதர் செயலி புளூடூத் சிக்னலின் பலத்தை வைத்துத்தான் யார் யார் அருகருகே இருந்தார்கள் என்று கணித்தது. அதற்கே ஒவ்வொரு கைப்பேசி மாடலும் எப்படி ஒலிக்கிறது, எப்படிக் கேட்கிறது என்று தனியாக அளந்து திருத்த வேண்டியிருந்தது.

அதனால் பலத்தை விட்டுவிட்டு நேரத்தை அளக்கும் முறை வந்திருக்கிறது. கைப்பேசி ஒரு செய்தி அனுப்பி, ஆக்சஸ் பாயிண்ட் பதில் சொல்ல, போய் வந்த நேரத்தைக் கணக்கிடுவது. ரேடியோ அலை ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும், ஆகவே கடிகாரம் அவ்வளவு நுட்பமாக இருக்கவேண்டும். 802.11எம்சி என்ற வைஃபை தரத்தில் இது இருக்கிறது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் கைப்பேசிப் பக்கமும் ஆதரவு உண்டு. ஒன்றிரண்டு மீட்டருக்குள் இடம் சொல்லும். நம்மூர் சுரங்கச் சாலைகளில் வேறு வழி. கேபிஇ, எம்சிஇ சுரங்கங்களில் புளூடூத் பீக்கன்கள் பொருத்தியிருக்கிறார்கள். வழிகாட்டும் செயலி அவற்றைக் கேட்டுக்கொண்டு போவதால், எந்த வெளிவழியில் திரும்ப வேண்டும் என்று சரியான நேரத்தில் சொல்கிறது. கேபிஇ சுரங்கம் மட்டுமே சுமார் 9 கிலோமீட்டர். அதற்குள் புள்ளி உறைந்து நின்றால் ஓட்டுநர் பாடு என்னவாகும்!

பெட்டிகளின் இருப்பிடத்தை இப்படிச் சேர்த்து வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2024இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆப்பிளின் தொகுப்பிடம் கேட்டுக் கேட்டே 200 கோடிக்கும் மேற்பட்ட வைஃபை பெட்டிகளின் இருப்பிடத்தைச் சேகரித்துக் காட்டினார்கள். ஒரு பெட்டி எங்கிருந்து எங்கே போனது என்றும் அதில் தெரிந்தது. போர் நடக்கும் இடங்களிலிருந்து வெளியேறுகிறவர்கள், யாரிடமிருந்தோ தப்பி வீடு மாறியவர்கள், இவர்களுக்கெல்லாம் அது உயிர்ப் பிரச்சினை. தொகுப்பில் தன் பெட்டி வேண்டாம் என்பவருக்கு ஒரு வழி உண்டு. நெட்வொர்க் பெயரின் கடைசியில் அடிக்கோடு ஒன்று போட்டு என், ஓ, எம், ஏ, பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் போதும். கூகுள் 2011இலிருந்து இதை மதிக்கிறது, ஆப்பிள் 2024இலிருந்து. விருப்பமில்லாதவர் தன் பெட்டியின் பெயரை மாற்ற வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, கேட்டுவிட்டுச் சேர்ப்பதுதான் முறை. ஆனாலும் இருக்கிற வழியை நான்கு பேருக்குச் சொல்லலாம்.

இவ்வளவையும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அத்தை. மனைவியின் அம்மா. எங்களோடு இருக்கிறார், பகலில் பேரனும் அவரும் மட்டும்தான் வீட்டில். அவசரம் என்றால் 995ஐக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஃபோன் பண்ணினா போதாதா மாப்பிள்ளை? நம்ம எங்க இருக்கோம்னு அந்த ஃபோன்லயே தெரியுதே. அவங்களே பாத்து வந்துர மாட்டாங்களா?"

"புளோக் வரைக்கும் தெரியலாம் அத்தை. எந்த மாடின்னு தெரியாது."

அத்தை முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அவர் கேள்வி நியாயமானது. வரைபடத்தில் புள்ளி அவ்வளவு உறுதியாக நிற்கிறது. அதைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று வரும், அதை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 விழுக்காடு வாய்ப்பு என்பதுதான் ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்துக்குப் பொருள். அதாவது மூன்றில் ஒரு முறை அதற்கு வெளியே இருக்கலாம். அந்த வட்டமும் தரையில் விரித்த வட்டம். உயரம் அதில் இல்லை. டக்ஸ்டனில் இருக்கும் பின்னக்கிள் வீவக கட்டடத்துக்கு 50 மாடி. அங்கே ஒரே அட்சரேகை, ஒரே தீர்க்கரேகையில் நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வாழ்கின்றன. நிலப்பரப்பில் பரந்த ஊர்களுக்கு வரைந்த வரைபடம் மாடி மாடியாக வாழும் நம்மூருக்குப் போதாது.

உயரம் காண வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பல கைப்பேசிகளில் காற்றழுத்தமானி இருக்கிறது. ஒரு மாடி ஏறினால், சுமார் 2.8 மீட்டருக்கு, அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கலில் (காற்றழுத்த அலகு) மூன்றில் ஒரு பங்கு குறையும். கருவி அதை உணர்ந்துவிடும். ஆனால் பூமத்தியரேகைப் பகுதியில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், பிற்பகல் நாலு மணிவாக்கில் தாழ்வு. சிங்கப்பூரில் அந்த வித்தியாசம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், காலையிலிருந்து மாலைக்குள் ஒன்பது மாடி ஏறிவிட்டதாகக் கருவிக்குத் தோன்றும். பக்கத்தில் உயரம் தெரிந்த இடத்தில் இன்னொரு அழுத்தமானி இருந்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் மாடி சரியாக வரும். அமெரிக்காவில் 911 அவசர அழைப்புகளுக்கு உயரம் சொல்வதை விதியாகவே வைத்துவிட்டார்கள். பெரிய நகர்ப்பகுதிகளில் 2021 ஏப்ரல் முதல், சோதனை அழைப்புகளில் 80 விழுக்காடாவது மேலும் கீழுமாக 3 மீட்டருக்குள் உயரத்தைச் சொல்ல வேண்டும்.

வைஃபையாலும் மாடி சொல்ல முடியும். கான்கிரீட் தளம் சிக்னலை நன்றாகவே தடுக்கும், ஆகவே பலமாகக் கேட்கும் ஆக்சஸ் பாயிண்ட் பெரும்பாலும் நம் மாடியில்தான் இருக்கும். நடுவில் திறந்த வெளி வைத்துக் கட்டிய கடைத்தொகுதிகளில் இது ஏமாற்றும். தரைத்தளத்துப் பெட்டி நாலாம் மாடிக் கைப்பிடிச் சுவரருகே கணீரென்று கேட்கும். மற்ற கட்டடங்களில் நம்பலாம். அந்தப் பெட்டி எந்த மாடியில் இருக்கிறது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கேதான் எனக்கு ஆதங்கம். வைஃபை தரத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக்சஸ் பாயிண்ட் தன் இருப்பிடத்தையும், கூடவே மாடி எண்ணையும் கேட்கும் கைப்பேசிக்குத் தானே சொல்லலாம். நான் போய்ப் பார்க்கும் கட்டடங்களில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. நிரப்ப ஆகும் செலவு, மாட்டும்போது ஓர் ஆள் தட்டச்சு செய்யும் நேரம்.

மைரெஸ்பாண்டர் செயலியைக் கைப்பேசியில் வைத்திருப்பவர்களுக்கு மாடியின் அருமை தெரியும். 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயத் துடிப்பு நின்றால் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை அதன்வழி அருகிலிருப்பவர்களை அழைக்கிறது. 400 மீட்டரை ஓடிக் கடக்கலாம். கீழே நின்று எந்த மாடி என்று தெரியாமல் தவிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அங்கே கிடப்பவருடையது.

ஆகவே அத்தைக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதுதான். 995ஐக் கூப்பிட்டதும் முதலில் அஞ்சல் குறியீட்டைச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 1995இலிருந்து ஆறு இலக்கக் குறியீடு. அது ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி, சொன்னவுடன் புளோக் முடிந்துவிட்டது. அப்புறம் வீட்டு எண். அதன் முதல் பகுதியே மாடிதான். அப்புறம்தான் என்ன நடந்தது என்பது. ஆறு இலக்கத்தையும் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொல்ல அத்தை பழகிக்கொண்டார். பேரனுக்கும் அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். இன்னொன்றும் செய்தோம். ரௌட்டர் பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறைக்குள், இருந்தது, வெளியே எடுத்துக் கூடத்தில் வைத்தோம். தடித்த கான்கிரீட்டுக்கும் இரும்புக் கதவுக்கும் பின்னால் பெட்டியை வைத்தால் நமக்கும் சிக்னல் போதாது, அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிக்கும் அது உதவாது.

மருத்துவமனைத் திட்டத்தில் மாடி எண்ணை நிரப்பலாமா என்று கேட்டு எழுதியிருந்தேன். அவர்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிரிவின் பெயர், மாடி, எந்தத் தூணருகே என்று ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்ட்டுக்கும் அட்டவணை ஒன்று தரச் சொல்லியிருக்கிறார். மன்னார்குடித் தம்பியும் நானும் அதைத்தான் இப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறோம். அடித்தள மருந்துக் கிடங்கும் மூன்றாம் மாடி எக்ஸ்ரே பிரிவும் முடிந்துவிட்டன. மருந்தகத்துக் காத்திருப்புக் கூடத்தைப் பகலில், பார்வையாளர் நேரத்தில் அளக்க அனுமதி வந்திருக்கிறது.